மைதா இல்லாத வேர்க்கடலை குக்கீஸ்: வறுப்பதிலிருந்து டப்பாவில் போடுவது வரை

எங்கள் மகளுக்கு ஏழு வயதில் சீலியாக் நோய் என்று தெரிந்தது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுக்கும் நோய் அது. அன்றிலிருந்து வீட்டில் கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் அவள் தட்டுக்குப் போவதில்லை. இட்லி, தோசை, இடியாப்பம், பொங்கல், சோறு என்று நம் சாப்பாடு பெரும்பாலும் அரிசிதான் என்பதால் மூன்று வேளைக்குப் பெரிய திண்டாட்டம் வரவில்லை. திண்டாட்டம் வந்தது சாயங்காலம் நாலு மணிக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிஸ்கட் டப்பாவைத் தேடும் பிள்ளைக்கு என்ன கொடுப்பது? கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பொரி உருண்டை எல்லாம் மாற்றி மாற்றிக் கொடுத்தோம். விரும்பித்தான் சாப்பிட்டாள். ஆனாலும் தோழியின் டப்பாவில் இருக்கும் குக்கீஸ் போல ஒன்று தனக்கும் வேண்டும் என்று ஒருநாள் கேட்டாள். அதற்காகப் பழகியதுதான் இந்த வேர்க்கடலை குக்கீஸ்.

குளூட்டன் இல்லாத பலகாரம் என்றதும் பலரும் மைதாவுக்குப் பதிலாக வேறு எந்த மாவைப் போடலாம் என்றுதான் தேடுவார்கள். நானும் அரிசி மாவு, சோள மாவு என்று போட்டுப் பார்த்தேன். ஒன்று மணல் போல உதிர்ந்தது, இன்னொன்று பல்லில் ஒட்டியது. இந்தக் குக்கீயில் அந்தத் தொல்லையே இல்லை, ஏனென்றால் இதில் மாவே கிடையாது. கடலையில் ஏறக்குறைய பாதி எடை எண்ணெய், கால் பங்கு புரதம். அந்தக் கொழுப்பு மென்மையைத் தருகிறது. முட்டையின் புரதம் சூட்டில் இறுகி எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிறது. சர்க்கரை உருகி, ஆறும்போது கெட்டியாகி மொறுமொறுப்பைக் கொடுக்கிறது. மைதா செய்யும் வேலையை இவை மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

பண்டம் அமெரிக்காவைச் சேர்ந்தது. அலபாமாவின் டஸ்கிகி கல்வி நிறுவனத்தில் இருந்த வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், நிலக்கடலையை 105 விதமாகச் சமைக்கும் கையேடு ஒன்றை 1916-இல் வெளியிட்டார். அதில் கடலை குக்கீஸும் உண்டு. அவை மைதா சேர்த்தவை. மேலே முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடும் வழக்கம் 1930களில் பரவியது. மாவில்லாமல் செய்வது இதிலிருந்து கிளைத்த எளிய வகை.

தொடங்கும் முன்: கோதுமை எங்கே ஒளிந்திருக்கிறது

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். எடை குறைக்கவோ ஒரு மாற்றத்துக்காகவோ மைதாவைத் தவிர்ப்பவர்கள் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். சீலியாக் உள்ளவர்களுக்குச் செய்கிறீர்கள் என்றால் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். அவர்களுக்கு ஒரு சிட்டிகை மாவு கூட சிறுகுடலின் உட்சுவரைப் புண்ணாக்கும். பொட்டலத்தில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. எவ்வளவு சிறிய அளவு என்று பாருங்கள்.

முதல் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். குக்கீஸ் இன்னும் கொஞ்சம் கெட்டியாக வரட்டும் என்று நாலு ஸ்பூன் கேழ்வரகு மாவு சேர்த்தேன். கேழ்வரகில் குளூட்டன் கிடையாது, அதனால் தைரியமாகப் போட்டேன். அன்று ராத்திரி பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்ன கொடுத்தோம், என்ன கொடுத்தோம் என்று ஒவ்வொன்றாக யோசித்தபோதுதான் மாவு மில் நினைவுக்கு வந்தது. எனக்கு முன்னால் வரிசையில் நின்ற அம்மா ஐந்து கிலோ கோதுமை அரைத்துக்கொண்டு போயிருந்தார். அதே கல்லில், அதே துணிக்குழாய் வழியாகத்தான் என் கேழ்வரகும் வந்து விழுந்தது. மில்காரர் மேல் தப்பில்லை, அவர் எல்லோருக்கும் அரைப்பவர். நான்தான் யோசித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவளுக்கான மாவு எதையும் வெளியில் அரைப்பதில்லை.

வீட்டிலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. மிக்ஸி ஜாரைக் கழுவியாயிற்று என்று நினைப்போம். மூடியின் ரப்பர் வாஷரைக் கழற்றிப் பாருங்கள், போன வாரம் அரைத்த ரவை அந்தப் பள்ளத்தில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். பிளேடுக்கு அடியிலும் அப்படித்தான். மைதா சலித்த சல்லடை, சப்பாத்தி மாவு பட்ட மரக்கரண்டி, கோதுமை புடைத்த முறம் ஆகியவற்றை எவ்வளவு தேய்த்தாலும் நம்ப முடியாது. இந்த நாலைந்து சாமான்களை மட்டும் தனியாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டில் சின்ன ஜாரின் மூடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். அந்த ஜாரில் கோதுமை போகாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பொருள்களில் கவனிக்க வேண்டியது இரண்டு. பேக்கிங் பவுடர் சிலவற்றில் கோதுமை ஸ்டார்ச் சேர்ப்பதுண்டு. அதனால் நான் சமையல் சோடா மட்டும் போடுகிறேன். ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லை என்றாலும் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடும். தனியாகச் சான்று இல்லாத ஓட்ஸ் வேண்டாம். இந்தக் குக்கீஸுக்குத் தொடர்பில்லை என்றாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நாம் தினமும் தாளிக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது சகஜம். பலருக்கும் இது தெரிவதில்லை.

இன்னொரு விஷயம். பிள்ளைக்கு சீலியாக் இருக்குமோ என்ற சந்தேகத்தில் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டு அப்புறம் ரத்தப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் பரிசோதனை சரியாகக் காட்டும். முதலில் மருத்துவர், பிறகு பத்தியம்.

கடலையை வறுப்பது

குக்கீயின் ருசி முழுவதும் இங்கேதான் முடிவாகிறது. மைதா, வெண்ணெய் என்று மறைக்க எதுவும் இல்லாததால் கடலை பச்சையாக இருந்தாலும் தெரியும், கருகினாலும் தெரியும்.

வேர்க்கடலை, நிலக்கடலை, விழுப்புரம் கடலூர் பக்கம் மல்லாட்டை, இலங்கையில் கச்சான் என்று எந்தப் பெயரில் கிடைத்தாலும் சரி, தோலோடு இருக்கும் பச்சைக் கடலையாக 350 கிராம் வாங்குங்கள். கடையில் உப்புப் போட்டு வறுத்தது வேண்டாம். தாம்பாளத்தில் பரப்பி, சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். ருசிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கலாம், அது வறுத்தாலும் முழுதாகப் போகாது.

கனமான இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து, சூடானதும் கடலையைப் போட்டு, தீயைக் குறைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். 12 முதல் 15 நிமிடம் ஆகும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். தீயைக் கூட்டிவிடாதீர்கள், தோல் கருகும், உள்ளே பச்சை வாடை அப்படியே நிற்கும். அப்புறம் அங்கங்கே ‘படக் படக்’ என்று சத்தம் கேட்கும், தோல் வெடிக்கும். அப்போது ஒரு கடலையை எடுத்து, ஊதி, தோலை உரித்து இரண்டாகப் பிளந்து உட்பக்கத்தைப் பாருங்கள். பச்சைக் கடலையின் உள்பக்கம் தந்தம் போல வெளுப்பாக இருக்கும். காய்ந்த வைக்கோலின் நிறத்துக்கு அது வந்துவிட்டால் போதும். இறக்கிய பிறகும் உள்ளே இருக்கும் சூட்டில் இன்னும் ஒரு படி சிவக்கும் என்பதால் உடனே தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பிவிடுங்கள். சட்டியிலேயே விட்டால் அடியில் இருப்பது கசந்துவிடும்.

கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பருத்தித் துணியில் கட்டித் தேய்த்தால் தோல் கழன்றுவிடும். முறத்தில் போட்டுப் புடைத்து வாயால் ஊதினால் தோல் பறந்து போகும். வாசலில் நின்று செய்யுங்கள், வீட்டுக்குள் ஊதினால் நாள் முழுக்கப் பெருக்க வேண்டியிருக்கும். அங்கங்கே கொஞ்சம் தோல் ஒட்டியிருந்தால் பரவாயில்லை.

மிக்ஸியில் பீநட் பட்டர்

கடலை வெதுவெதுப்பாக இருக்கும்போதே அரைத்தால் எண்ணெய் சீக்கிரம் விடும். சின்ன ஜாரில் பாதி அளவுக்குப் போட்டு, ஒரு நிமிடம் ஓட்டி இரண்டு நிமிடம் நிறுத்தி என்று அரையுங்கள். முதலில் பொடியாகும். அப்புறம் ஜாரின் ஓரத்தில் ஈர மண் போல அப்பிக்கொண்டு, பிளேடு வெறுமனே சுற்றும். எண்ணெயோ தண்ணீரோ ஊற்றிவிடலாமா என்று தோன்றும் இடம் இதுதான். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது, விழுது இறுகிப் போகும். கரண்டியால் வழித்து விட்டு மறுபடி ஓட்டுங்கள். மூன்றாவது நாலாவது தடவையில் கட்டியாகத் திரண்டு, சட்டென்று இளகிப் பளபளவென்று வரும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் இட்லி மாவு போல மெதுவாக விழ வேண்டும். அப்படியும் இளகவில்லை என்றால் ஒரு ஸ்பூன் செக்குக் கடலை எண்ணெய் விடலாம். மோட்டார் சூடேறுகிறதா என்று ஜாருக்குக் கீழே தொட்டுப் பாருங்கள், அவசரப்பட்டு மிக்ஸியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடையில் வாங்கிய பீநட் பட்டரிலும் செய்யலாம். கடலை மட்டுமே உள்ள வகையாக இருந்தால் மேலே மிதக்கும் எண்ணெயை அடிவரை நன்றாகக் கலக்கி எடுங்கள். இனிப்புச் சேர்த்ததாக இருந்தால் சர்க்கரையைக் கால் பங்கு குறையுங்கள். லேபிளில் கோதுமை கையாளும் ஆலையில் தயாரித்தது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், போட்டிருந்தால் வாங்க வேண்டாம்.

அளவு: 20 குக்கீஸுக்கு

- பீநட் பட்டர்: 250 கிராம்
- நாட்டுச் சர்க்கரை: 75 கிராம்
- வெள்ளைச் சர்க்கரை, பொடித்தது: 75 கிராம்
- முட்டை: ஒன்று
- சமையல் சோடா: அரை டீஸ்பூன், தலை தட்டி
- உப்பு: கால் டீஸ்பூன்
- சுக்குப் பொடி அல்லது ஏலக்காய்ப் பொடி: இரண்டு சிட்டிகை, விருப்பம் போல

கப் அளவை விட எடை நல்லது. பீநட் பட்டரைக் கப்பில் அடைக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வரும். முழுக்க வெள்ளைச் சர்க்கரை போட்டால் ஓரம் நல்ல மொறுமொறுப்பு, ஆனால் ருசி தட்டையாக இருக்கிறது. முழுக்க நாட்டுச் சர்க்கரை போட்டால் மணம் அபாரம், ஆனால் ஈரம் இழுத்து மறுநாளே நமுத்துவிடும், அடியும் சீக்கிரம் கருகும். பாதிப் பாதி எனக்குப் பிடித்துப் போயிற்று. நாட்டுச் சர்க்கரையில் கட்டியும் சில சமயம் மண்ணும் இருக்கும், சலித்துவிடுங்கள். சோடாவை மட்டும் கூட்டாதீர்கள். குக்கீ நன்றாகச் சிவப்பதற்கு அது உதவுகிறது, கூடினால் சோப்பு வாடை அடிக்கும்.

கலந்து, உருட்டி, அழுத்துவது

முட்டையை அரை மணி நேரம் முன்பே வெளியில் எடுத்து வையுங்கள். அரைத்த விழுது சூடாக இருந்தால் முழுதாக ஆற விடுங்கள், இல்லையென்றால் முட்டை அதில் வெந்துபோகும். விழுதில் இரண்டு சர்க்கரையையும் போட்டுக் கலக்கி, சோடா, உப்பு, சுக்குப் பொடி தூவி, கடைசியாக அடித்த முட்டையை ஊற்றி மரக்கரண்டியால் கிளறுங்கள். அரை நிமிடத்தில் கெட்டியாகி ஓரங்களை விட்டுத் திரண்டு வரும். அத்தோடு நிறுத்துங்கள். மேலும் மேலும் பிசைந்தால் எண்ணெய் பிரிந்து கையெல்லாம் வழியும். மூடி வைத்து அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இந்த அரை மணி நேரத்தைத் தவிர்த்தால் நம் ஊர் வெயிலில் குக்கீ தட்டு முழுக்க ஓடி அப்பளமாகிவிடும்.

எலுமிச்சம்பழத்தில் பாதி அளவுக்கு, சுமார் 22 கிராம் உருண்டைகளாகப் பிடித்து, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். முள்கரண்டியைச் சர்க்கரையில் தொட்டு ஒரு தடவை நேராக, ஒரு தடவை குறுக்காக அழுத்துங்கள். அழகுக்கு மட்டும் அல்ல அது. குளிர்ந்த இந்தக் கலவை தானாகப் பரவாது. உருண்டையாகவே விட்டால் ஓரம் கருகியும் நடு வேகாமலும் நிற்கும். ஒரு செண்டிமீட்டர் தடிமனுக்குத் தட்டையாகட்டும். ஓரத்தில் விரிசல் விட்டால் விரலால் சேர்த்துவிடுங்கள்.

ஓடிஜி (பேக்கிங் செய்யும் மின்சார) அடுப்பில்

மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியும்படி வைத்து 170 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். தட்டு நடு அடுக்கில் போகட்டும். 10 முதல் 12 நிமிடம். வீட்டு ஓடிஜிகளில் திருகில் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அபூர்வம், அதனால் முதல் தடவை ஒரே ஒரு குக்கீயை மட்டும் வைத்துப் பாருங்கள். ஒரு தட்டு முழுக்கக் கருகுவதை விட ஒன்று கருகுவது மேல்.

வெந்ததற்கு அடையாளம் ஓரம். ஓரம் பொன்னிறமாகி, மேலே ஈரப் பளபளப்பு போயிருந்தால் எடுத்துவிடுங்கள். தொட்டால் நடுவில் மெத்தென்று அமுங்கும், வேகவில்லையோ என்று பயமாக இருக்கும். வெந்துவிட்டது. ஆறும்போதுதான் கெட்டியாகும். தட்டிலேயே பத்து நிமிடம் தொடாமல் விட்டு, பிறகு தட்டையான கரண்டியால் எடுத்துக் கம்பி வலையில் ஆற வையுங்கள். சூட்டோடு கையால் எடுத்தால் நிச்சயம் உடையும்.

ஓடிஜி இல்லாவிட்டால்

அடி கனத்த பழைய இரும்புச் சட்டியில் ஒரு விரல் உயரத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, நடுவில் சின்ன ஸ்டாண்ட் வைத்து, மூடி, நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். பட்டர் பேப்பர் போட்ட தட்டில் ஐந்தாறு குக்கீஸை வைத்து உள்ளே இறக்கி, தீயை நன்றாகக் குறைத்து 15 முதல் 18 நிமிடம் விடுங்கள். நான்ஸ்டிக் பாத்திரத்தை இதற்கு எடுக்க வேண்டாம். குக்கரில் செய்வதானால் கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல்தான். சூடு கீழிருந்து மட்டுமே வருவதால் மேல்பக்கம் வெளுத்தே இருக்கும், ருசிக்குக் குறைவில்லை. அந்த உப்பை ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த தடவைக்கும் ஆகும்.

முட்டை சேர்க்காதவர்களுக்கு

ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்தால் முட்டை வெள்ளை போலக் கொழகொழவென்று வரும். முட்டைக்குப் பதில் அதைச் சேர்த்து, கூடவே வீட்டில் அரைத்த பொட்டுக்கடலை மாவு மூன்று மேசைக்கரண்டி போடுங்கள். முட்டை போட்டதை விட இது கொஞ்சம் உதிரியாக இருக்கும், முழுதாக ஆறும் வரை தொடக் கூடாது. பொட்டுக்கடலையின் வாசம் கடலையோடு நன்றாகச் சேருகிறது. சொல்லப்போனால் என் மாமியாருக்கு இதுதான் பிடிக்கும்.

சரியாக வராவிட்டால்

கலவை உதிர்ந்து உருண்டை பிடிக்க வரவில்லையா? பீநட் பட்டர் போதுமான அளவு அரைபடவில்லை. ஒரு ஸ்பூன் பால் தெளித்துப் பிசையுங்கள். எண்ணெய் மிதக்கிறதா? ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு தூவுங்கள். அடி மட்டும் கருகினால் தட்டுக்குக் கீழே இன்னொரு தட்டு வையுங்கள், கறுப்பு நிறத் தட்டுகள் சூட்டை அதிகம் வாங்கும். ஆறிய பிறகும் நடு கொழகொழப்பாகவே இருந்தால் மறுபடி 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் சரியாகிவிடும்.

எடுத்து வைப்பது

முழுதாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள், இளஞ்சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து நமுத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் நன்றாக இருக்கும். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் அதற்கு முன்பே மெத்தென்று ஆகலாம். பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து அனுப்பும்போது பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நம் பிள்ளைக்குக் கோதுமை எப்படியோ, சில பிள்ளைகளுக்குக் கடலை அதை விட ஆபத்து.

மொத்தமாகச் சுட்டு வைப்பதை விட எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரட்டை அளவு கலந்து, உருட்டி, முள்கரண்டியால் அழுத்தி, தட்டோடு ஃபிரீசரில் வைத்துக் கெட்டியானதும் மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றிவிடுவேன். இரண்டு மாதம் வரை தாங்கும். கரைய விட வேண்டியதில்லை, அப்படியே அடுப்பில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் கூட்டிச் சுட்டால் போதும். மூன்றரை மணிக்கு ஓடிஜியைப் போட்டு ஐந்தை மட்டும் உள்ளே வைக்கிறேன். அவள் செருப்பைக் கழற்றும்போதே கடலை வாசம் வாசல் வரை வந்துவிடுகிறது.